சில்லறை எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மளிகைக் கடை நடத்தி வருகிறேன். கடைக்கு வருபவர்களும் உறவினர்களும் சில்லறை பற்றிக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம், ரிசர்வ் வங்கியின் விதிகள் ஆகியவற்றைத் தேவையான இடத்தில் சொல்லியிருக்கிறேன். மற்றவை கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவை.

சில்லறை என்று எதைச் சொல்கிறோம்?

அது கையில் இருக்கும் நோட்டைப் பொறுத்தது. ஐந்நூறு ரூபாய் நோட்டோடு நிற்பவருக்கு நூறு ரூபாய்த் தாள்கள் சில்லறை; நூறு ரூபாயோடு நிற்பவருக்குப் பத்தும் இருபதும் சில்லறை; பத்து ரூபாயோடு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு நாணயம் மட்டுமே சில்லறை. இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் நாணயங்களைப் பற்றியே பேசுகிறேன். இன்று செல்லுபடியாகும் நாணயங்கள் 50 காசு, 1, 2, 5, 10, 20 ரூபாய் ஆகியவை. இவற்றில் 20 ரூபாய் நாணயம் 2020இல் புழக்கத்துக்கு வந்தது. பன்னிரண்டு பக்கம் கொண்டது. எங்கள் பகுதியில் இன்னும் அதை ஒரு வேடிக்கைப் பொருளாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

நாணயத்தை அடிப்பது யார்? அது கடைவரை எப்படி வருகிறது?

இரண்டு ரூபாய் முதற்கொண்டு நோட்டுகளை வெளியிடுவது ரிசர்வ் வங்கி. நாணயங்களையும் ஒரு ரூபாய் நோட்டையும் வெளியிடுவது மத்திய அரசு. ஒரு ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து இல்லாமல் நிதித்துறைச் செயலாளரின் கையெழுத்து இருப்பது இதனால்தான். மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் நாணயம் அடிக்கும் அக்கசாலைகள் இருக்கின்றன. நாணயத்தில் ஆண்டு எண்ணுக்குக் கீழே பாருங்கள்: நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத், சாய்சதுரம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.

அக்கசாலையிலிருந்து மூட்டைகளாக ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்கு வரும். தமிழ்நாட்டுக்கு அது சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது. அங்கிருந்து பெரிய வங்கிகள் பராமரிக்கும் கருவூலப் பெட்டகங்களுக்கும் சிறு நாணயக் கிடங்குகளுக்கும், பின்னர் கிளைகளுக்கும், கிளையிலிருந்து கேட்டு வாங்குபவர்களுக்கும் போகும். இந்த வழி முழுவதும் மேலிருந்து கீழே வரும் வழி. கீழே இறங்கிய நாணயம் திரும்ப மேலே ஏறுவதற்கு விதியில் இடம் உண்டு. நடைமுறையில் அந்தப் படிக்கட்டு மிகக் குறுகலானது. பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தக் குறுகலில் தொடங்குகின்றன.

ஒரு நாளில் கடைக்குள் சில்லறை எப்படி வந்து போகிறது?

காலை ஐந்தரைக்குக் கடை திறக்கும்போது கல்லாவில் முந்தைய நாள் ஒதுக்கிவைத்த சில்லறை இருக்கும். கல்லாப்பெட்டியின் குழிகளில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் தனித்தனியாகக் கிடக்கும். இருட்டிலும் கை தடவி எடுக்க முடிய வேண்டும் என்பதற்காக அந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை. ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட ஒரே தோற்றத்தில் வந்து சேர்ந்ததால், குழி மாறினால் எண்ணிக்கையும் மாறிப்போகும்.

முதல் ஒரு மணி நேரம் சில்லறை வெளியே போகும் நேரம். ஏடிஎம்மில் எடுத்த ஐந்நூறு ரூபாயோடு பால் வாங்க வருவார்கள். ஏழு மணிக்கு மேல் ஓட்டம் திரும்பும். பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் நாணயமாகக் கொண்டுவந்து பேனா, ரப்பர், கடலை மிட்டாய் வாங்குவார்கள். பூக்கட்டும் அம்மா முந்தைய நாள் மாலை கோயில் வாசலில் சேர்ந்த காசை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்து நோட்டாக வாங்கிப் போவார். மதியம் சரக்கு வண்டி வரும்; பிஸ்கட், சோப்புக் கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதி நாணயம் வாங்கமாட்டார்; அவருக்கு நோட்டு வேண்டும், இப்போது அதைவிட யூபிஐ வேண்டும். ஆகவே மொத்த வியாபாரியின் பக்கம் போகும் பணம் எப்போதும் நோட்டு, வாடிக்கையாளரின் பக்கம் புழங்குவதுதான் நாணயம். மாலையில் டீக்கடைக்காரர் ஒருமுறை எட்டிப்பார்த்து, "அண்ணாச்சி, ஒரு ஐந்நூறுக்குச் சில்லறை இருக்குமா?" என்று கேட்பார். அவரிடம் அதிகம் இருக்கும் நாளில் நான் கேட்பேன்.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் ரசீது கிடையாது, பல சமயம் எண்ணிப் பார்ப்பதும் கிடையாது. பத்துப் பத்தாக அடுக்கிச் செய்தித்தாளில் சுருட்டிய பொட்டலத்தை அப்படியே வாங்கிக்கொள்வோம். ஒரு தெருவின் சில்லறை ஓட்டம் இப்படிப்பட்ட நாலைந்து பேரின் பழக்கத்தில்தான் நிற்கிறது. புதிதாகக் கடை வைத்தவருக்கு முதல் ஆறு மாதம் சில்லறையே கிடைக்காமல் தவிப்பதற்குக் காரணம், அவருக்கு இந்தப் பழக்கம் இன்னும் அமையாததே.

நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு உண்மையிலேயே இருக்கிறதா?

என் அனுபவத்தில், அளவு குறைவதைவிட ஓட்டம் நிற்பதே பெரிய காரணம். நான் பேருந்து நிறுத்தத்தில் ஒரு ரூபாய்க்கு அலைகிற அதே நாளில், நாலு தெரு தள்ளி ஒருவர் மூட்டை மூட்டையாக ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு யாரிடம் தள்ளுவது என்று தவித்துக்கொண்டிருப்பார். எங்கள் இருவருக்கும் நடுவே இருக்க வேண்டியது வங்கிக் கிளை. அது அந்த வேலையைச் செய்ய விரும்புவதில்லை. நாணயத்தை எண்ண நேரம் பிடிக்கும், வைக்க இடம் பிடிக்கும், அதில் வருமானம் ஏதுமில்லை.

உண்மையான தட்டுப்பாடு வந்த காலங்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது உலோகம் போருக்குத் தேவைப்பட்டதாலும் மக்கள் நாணயங்களைப் பதுக்கியதாலும் அரசு 1940இல் ஒரு ரூபாய் நோட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. 1943இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. ஓட்டைக் காலணா என்று நம் பாட்டிமார் ஏளனமாகச் சொன்னது அந்தக் காசைத்தான். அண்மையில் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது வந்தது வேறு வகைத் தட்டுப்பாடு. வங்கியிலிருந்து 2000 ரூபாய் நோட்டு வந்தது. அதை மாற்றித் தருவதற்கு நடுவில் 500 இல்லை. ஏணியில் இரண்டு படிகளைக் கழற்றியது போன்ற நிலை. அந்த வாரங்களில் என் கடையில் விற்பனையைவிடக் கடன் குறிப்பேட்டின் பக்கங்களே வேகமாக நிரம்பின.

ஓட்டம் எங்கெங்கே தேங்குகிறது?

முதலாவது கோயில் உண்டியல். மக்கள் கையிலிருந்து சிறுகச் சிறுக வரும் காசு மாதக்கணக்கில் அங்கே அடைந்து கிடந்துவிட்டு, உண்டியல் திறக்கும் நாளில் மொத்தமாக வெளியே வரும். பெரிய கோயில்களில் அறநிலையத் துறை அலுவலர்கள், வங்கி ஊழியர்கள், சேவைக்கு வரும் பக்தர்கள் வரிசையாக உட்கார்ந்து எண்ணி வங்கியில் கட்டுவார்கள். எங்கள் ஊர் அம்மன் கோயில் போன்ற சிறு கோயில்களில் தர்மகர்த்தா கடைக்காரர்களுக்கு முன்னதாகவே சொல்லி அனுப்புவார். நாங்கள் நோட்டோடு போய் நிற்போம். குங்குமமும் விபூதியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிய நாணயங்களைப் புளித் தண்ணீரில் அலசித் துண்டில் பரப்பி உலர்த்திய பிறகுதான் கல்லாவில் போட முடியும். ஒரு வாரத்துக்கு கல்லாவில் கற்பூர வாசனை போகாது.

இரண்டாவது மொய். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று எழுதும் வழக்கத்தில் அந்த ஒன்றுக்கு ஒரு நாணயம் வேண்டும். அதனால்தான் மொய்க் கவரில் முன்கூட்டியே ஒரு ரூபாயை ஒட்டி விற்கிறார்கள். முகூர்த்த நாள் நெருங்கும்போது கவர் விற்பவர்கள் ஒரு ரூபாயைத் தேடித் தேடி வாங்குவார்கள். திருமணம் முடிந்த இரவில் மணவீட்டார் கவர்களைக் கிழித்து நோட்டை எடுப்பார்கள். பசை ஒட்டிய நாணயங்கள் ஒரு பாத்திரத்தில் சேர்ந்து பரணுக்குப் போகும்.

மூன்றாவது, பிள்ளைகளின் மண் உண்டியல். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடைக்கும் நாளுக்கு முன்பே ஹேர்ப்பின்னால் நெம்பி எடுக்கப்படும் காசு எங்கள் கடைக்கே வந்து சேர்கிறது.

பேருந்தில் நடத்துநர்கள் ஏன் எப்போதும் சில்லறை இல்லை என்கிறார்கள்?

காலை முதல் நடையில் ஏறும் ஐம்பது பேரில் முப்பது பேர் நூறு ரூபாய் நீட்டினால் எந்தத் தோல்பையும் தாங்காது. "சரியான சில்லறை கொடுத்து ஒத்துழைக்கவும்" என்று பேருந்துக்குள் எழுதியிருப்பது கெஞ்சலும் அல்ல, அதட்டலும் அல்ல. அந்தத் தொழில் நடப்பதற்கான நிபந்தனை. மீதியைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக்கொடுத்து, இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொல்வது ஒரு வகைக் கடன் பத்திரமே. தூக்கத்தில் இறங்கிவிட்டால் கடன் தள்ளுபடி. தொண்டைக்குழிவரை நிறைந்த பேருந்தில், முன்பின் தெரியாத இரண்டு பேரைச் சேர்த்து ஒரே பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்து, "ஆளுக்கு அஞ்சு, கீழே இறங்கிப் பிரிச்சுக்கங்க" என்று சொல்லிவிடுவார் நடத்துநர். அந்த இருவரும் சில்லறை மாற்ற நேராக என் கடைக்குத்தான் வருவார்கள். ஒருவர் வெறுங்கையோடு போவது நன்றாக இருக்காது என்று ஒரு வாழைப்பழம் வாங்குவார்.

2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணச்சீட்டுக் கட்டணம் இல்லை. அதன் பலன்களைப் பலரும் பேசிவிட்டார்கள். சில்லறைக்காரனாக நான் கவனித்தது வேறு: சுருக்குப் பையில் சரியான காசை எண்ணி எடுத்துவந்து கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தக் காசு நடத்துநரின் பைக்குப் போவது நின்றது. நடத்துநர்கள் கடைசி நிறுத்தத்தில் டீக்கடைக்கு நாணயம் கொடுத்து நோட்டு வாங்குவது குறைந்தது. டீக்கடைக்காரர் என்னிடம் கேட்பது அதிகமாயிற்று.

மீதிக்குப் பதிலாக மிட்டாய் கொடுப்பது சரியா?

சரியில்லை. வாடிக்கையாளர் கேட்காத பொருளை அவர் பணத்துக்கு விற்பதற்குச் சமம் அது. நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன் என்பதை மறைக்கவில்லை. ஒரு மூதாட்டி என்னிடம் வாங்கிச் சேர்த்த பதினொரு புளிப்பு மிட்டாய்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பி, "இதுக்கு ஒரு சீயக்காய்த் தூள் குடு சாமி" என்று கேட்ட நாளோடு நிறுத்திவிட்டேன். அவருக்கு இருந்த நியாயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

மிட்டாயைவிட மதிப்பாக இருந்தது தீப்பெட்டி. எல்லா வீட்டுக்கும் தேவை, கெடாது, விலை சரியாக ஒரு ரூபாய். பாதி நாணயம் என்றே சொல்லலாம். கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதித் தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் மூலப்பொருள் விலையேற்றத்தால் 2021 டிசம்பர் 1 முதல் விலையை இரண்டு ரூபாயாக உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய உயர்வு 2007இல், ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு. 2021 உயர்வோடு ஒரு ரூபாய் மீதிக்குக் கொடுக்கத் தகுந்த பொருள் என்று ஒன்றுமே கடையில் இல்லாமல் போயிற்று.

பொருள்களின் விலையை நாணயம் தீர்மானிக்கிறது என்பது உண்மையா?

சிறிய பொருள்களில் அப்படித்தான். ஒற்றை நாணயத்தில் வாங்க முடிகிற விலையே விற்கிற விலை. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறைக்கு முன்னோடி. பாட்டில் வாங்க இயலாதவர்களும் கையிலிருக்கும் காசுக்கு ஒருநாள் தலைக்குத் தேய்த்துக்கொள்ள முடிந்தது. அதன்பின் எண்ணெய், ஊறுகாய், காப்பித்தூள் என எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் என்ற படிகளில் வந்து நின்றன. மூலப்பொருள் விலை ஏறும்போது இந்தப் பொருள்களின் விலை ஏறாது, எடை குறையும். ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் பல ஆண்டுகளாக ஐந்து ரூபாய்தான். உள்ளே இருக்கும் கிராமை மட்டும் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் படிகளைத் தொட்டால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி விகிதங்கள் குறைக்கப்பட்டபோது பார்த்தோம். வரிக்குறைப்பைக் கணக்கிட்டால் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் நாலு ரூபாய் சொச்சம் காசுக்கும், ஒரு ரூபாய் மிட்டாய் ஒரு ரூபாய்க்குள்ளும் வரவேண்டும். அந்தச் சொச்சத்தைக் கொடுக்க எந்தக் கடையில் காசு இருக்கிறது?

அம்மா உணவகம் இதற்கு நேர்மாறான நல்ல உதாரணம். 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கியபோதே இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய் என்று நாணயத்துக்கு ஏற்ற விலைகள். நாலு இட்லி சாப்பிடுபவர் நாலு ரூபாயைத் தேடியெடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், வீட்டு மாடத்தில் கிடந்த ஒற்றை ரூபாய்கள் வெளியே வந்தன.

50 காசு செல்லுமா?

செல்லும். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆயின. 50 காசு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் கடைவீதி அதை அப்போதே கைகழுவிவிட்டது. பிச்சை கேட்பவரும் திருப்பித் தருகிறார் என்பார்கள். எங்கள் நிறுத்தத்தில் அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2019 ஆகஸ்டில் ஆவின் பால் விலை லிட்டருக்கு ஆறு ரூபாய் ஏறியபோது சமன்படுத்தப்பட்ட பால் லிட்டர் 43 ரூபாய் ஆனது. அரை லிட்டர் வாங்கினால் 21 ரூபாய் 50 காசு. நாளுக்கு இருநூறு பேர் அரை லிட்டர் வாங்கும் இடத்தில் அந்த அரை ரூபாய் யாருடையது என்ற கேள்வி எழாமல் இருக்காது. கடைக்காரர்கள் 22 என்று முழுமையாக்கினார்கள். மனச்சாட்சி உள்ளவர்கள் ஒருநாள் 22, மறுநாள் 21 என்று வாங்கினார்கள். 2021 மே மாதம் மூன்று ரூபாய் குறைக்கப்பட்டு லிட்டர் 40 ஆனபோது அந்தத் தொல்லை ஒழிந்தது. கணக்கில் காசு இன்னும் உயிரோடு இருக்கிறது. பெட்ரோல் விலையைப் பாருங்கள், இரண்டு தசம இடம் இருக்கும். அங்கே சொச்சத்தை லிட்டரில் கூட்டிக் குறைத்துவிடுவதால் கைக்கு வரவேண்டியதில்லை.

அணா ஒழிந்து, 1957 ஏப்ரல் 1இல் ரூபாய்க்கு நூறு பைசா என்ற கணக்கு வந்த பிறகும், 50 காசோடு எட்டணா என்ற பெயரும், 25 காசோடு நாலணா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டே இருந்தன. இப்போது எட்டணா என்று சொன்னால் என் மகளுக்கு விளங்குவதில்லை.

10 ரூபாய் நாணயத்தை ஏன் வாங்க மறுக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் பல ஊர்களில் இன்றும் தீராத தலைவலி இது. நாணயம் செல்லுபடியானது; ஐயத்துக்கே இடமில்லை. 2009இல் புழக்கத்துக்கு வந்ததிலிருந்து பல நிகழ்வுகளை நினைவுகூரும் வகையில் வெவ்வேறு வடிவங்களில் வெளியிட்டார்கள். 2010இல் ரூபாய்க்குத் தனிக் குறியீடு ஏற்கப்பட்டது. அதை வடிவமைத்த உதயகுமார் தமிழர். அந்தக் குறியீட்டுக்கு முன் வந்த நாணயத்தில் குறியீடு இல்லை, பின் வந்ததில் உண்டு. ஒன்றில் பூவிதழ் போன்ற கோடுகள் பத்து, இன்னொன்றில் பதினைந்து. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் ஒன்று போலி என்று முடிவுகட்டினார்கள். 2016இல் தில்லிப் பகுதியில் போலி நாணயம் அடித்த இடங்கள் பிடிபட்ட செய்தியும் வாட்ஸப்பில் சேர்ந்துகொண்டது. 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, அதுவரை 14 வடிவங்கள் வெளிவந்துள்ளன, எல்லாமே செல்லும் என்று அறிவித்தது. 14440 என்ற இலவச எண்ணை அழைத்தால் விவரம் சொல்லும் ஏற்பாடும் செய்தது.

அறிவிப்பு வந்த பிறகும் மறுப்பு நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. போலி என்று நம்பி மறுப்பவர்கள் இப்போது மிகக் குறைவு. "நான் வாங்கிக்குவேன், அடுத்தவன் வாங்கமாட்டானே" என்பதுதான் எல்லோர் வாயிலும் வரும் பதில். அடுத்தவனும் அதையே சொல்கிறான். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் நடத்துநர்கள் இதை மறுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பின. 2022இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயை முழுக்கப் பத்து ரூபாய் நாணயங்களாகவே கொடுத்துச் சேலத்தில் கார் வாங்கி, நாணயம் செல்லும் என்று காட்டினார். எங்கள் தெருவில் நிலைமை மாறியது வேறு விதமாக. நாங்கள் நாலு கடைக்காரர்கள் பேசிவைத்து, ஒரே நாளில், வாங்குவோம் என்றும் மீதியாகக் கொடுப்போம் என்றும் அட்டை எழுதித் தொங்கவிட்டோம். இரண்டு தெரு தாண்டினால் இன்றும் செல்லாது.

நாணயத்தை எவ்வளவு தொகைவரை கொடுக்கலாம்? வங்கி வாங்க மறுத்தால் என்ன செய்வது?

2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1000 ரூபாய் வரையிலான தொகைக்கும், 50 காசு 10 ரூபாய் வரையிலான தொகைக்கும் சட்டப்படி செல்லுபடியாகும். அதற்கு மேல் கொடுத்தால் பெறுபவர் விரும்பினால் வாங்கலாம். மேலே சொன்ன கார் விற்பனை அப்படி நடந்ததே.

வங்கியில் உங்கள் கணக்கில் கட்டுவதற்கு இந்த வரம்பு கிடையாது. எந்தக் கிளையும் நாணயத்தை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எடைபோட்டோ, நூறு நூறாகப் பாலித்தீன் பையில் போட்டோ வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. நாணயங்களை மக்களிடம் கொண்டுசேர்க்கும் வங்கிகளுக்கு ஒரு மூட்டைக்கு 25 ரூபாயாக இருந்த ஊக்கத்தொகையை 2021 செப்டம்பர் 1 முதல் 65 ரூபாயாக்கியது. இதையெல்லாம் படித்துவிட்டு, நான் நூறு நூறாகக் கட்டிய முப்பது பைகளோடு ஒரு கிளைக்குப் போனேன். காசாளர் விடுப்பு என்றார்கள். மறுநாள் எண்ணும் ஆள் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் மேலாளரிடம், மறுக்கும் காரணத்தை எழுதித் தருமாறு பணிவாகக் கேட்டேன். உடனே ஆள் கிடைத்தார். உங்களுக்கும் இதையே பரிந்துரைக்கிறேன். எழுதிக் கேட்பதற்கு மேல் தேவைப்பட்டால், வங்கிக் குறைதீர்ப்பு வழியும் அதன்பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

சில்லறைக்குக் கழிவு பிடிப்பது உண்டா?

உண்டு. தட்டுப்பாடு கடுமையான நாள்களில் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துத் தொண்ணூற்றைந்துக்கு நாணயம் வாங்கிய கடைக்காரர்களை எனக்குத் தெரியும். பல வகை நாணயம் புழங்கிய பழைய காலத்தில் இத்தகைய கழிவுக்கு வட்டம் என்று பெயர். அதையே தொழிலாகக் கொண்ட சராபுகள் இருந்தார்கள். இன்று அந்தத் தொழிலைச் செய்பவர்களில் கோயில் வாசலில் கையேந்துவோரும் அடக்கம். அவர்களிடம் பேரம் நடப்பதும் தலைகீழாக நடப்பதும் உண்டு: நாணயம் மலிந்த வாரத்தில் நூற்றிரண்டு ரூபாய்க் காசைக் கொடுத்து ஒரு நூறு ரூபாய் நோட்டு வாங்கிப் போவார்கள். ஒரே நாணயம் ஒரு வாரம் மதிப்புக்கு மேலும் மறுவாரம் மதிப்புக்குக் கீழும் விலைபோவதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நாணயத்தை உருக்கினால் லாபம் என்கிறார்களே?

உருக்குவதும் அழிப்பதும் குற்றம். ஏழு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. சவரப் பிளேடு செய்வதற்காக நம் நாணயங்கள் வங்கதேசத்துக்குக் கடத்தப்படுவதாக 2007 வாக்கில் செய்திகள் வந்தன. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 2018இல் கிடைத்த பதிலின்படி, ஒரு ரூபாய் நாணயத்தை அடிக்க 1 ரூபாய் 11 காசும், பத்து ரூபாய் நாணயத்தை அடிக்க 5 ரூபாய் 54 காசும் செலவாகியிருக்கின்றன.

யூபிஐ வந்தபின் சில்லறைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

கொடுப்பவருக்குத் தீர்ந்துவிட்டது, கடைக்காரனுக்கு உருமாறியிருக்கிறது. ஏழு ரூபாய்க்குக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வாங்குபவர் ஏழு ரூபாயைத் துல்லியமாக அனுப்பிவிடுகிறார். மீதி பற்றிய பேச்சே இல்லை. ஆனால் முன்பு கடைக்குச் சில்லறை கொண்டுவந்தவரும் அவரே. பன்னிரண்டு ரூபாய்ச் சரக்குக்கு இருபது ரூபாய் நீட்டுபவரிடம், "ரெண்டு ரூபா குடுங்க, பத்தாத் தர்றேன்" என்று கேட்டு வாங்குவோம் அல்லவா, அப்படித்தான் கல்லாவுக்கு நாணயம் ஏறியது. இப்போது நோட்டோடு வருபவர்கள் மீதியை வாங்கிப் போகிறார்கள். நாணயத்தோடு வந்தவர்கள் கைப்பேசியோடு வருகிறார்கள். தொட்டியில் வடிகால் மட்டும் திறந்திருக்கிறது.

நாணயத்தைக் கொடுக்க க்யூஆர் குறியீட்டில் இயங்கும் இயந்திரங்களை 12 நகரங்களில் சோதனை முறையில் வைக்கப்போவதாக 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. கணக்கிலிருந்து பணம் கழியும், நாணயம் கொட்டும். நல்ல யோசனை. எனினும் அதுவும் நாணயத்தைக் கீழே இறக்கும் கருவி. மூட்டையோடு நிற்பவரிடமிருந்து வாங்கிக் கணக்கில் வரவு வைக்கும் இயந்திரத்தையல்லவா முதலில் ஊர்தோறும் வைக்க வேண்டும்?

வீட்டில் ஒரு டப்பா நிறைய நாணயம் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று பிரித்து, வகைக்கு ஐம்பதாகவோ நூறாகவோ கட்டி, மேலே எண்ணிக்கையை எழுதிப் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். காலை கூட்ட நேரத்தில் போகாதீர்கள். எண்ண நேரம் இராது. மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் எந்தக் கடைக்காரரும் உட்காரச் சொல்லி வாங்கிக்கொள்வார். கழிவு கேட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

சென்ற தை மாதம் பரண் ஒழித்தபோது என் வீட்டிலேயே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அகப்பட்டது. மேலே இருந்த ஒரு ரூபாய்களை எடுத்து அன்றே கல்லாவில் சேர்த்தேன். அடியில் காண்டாமிருகம் பொறித்த 25 காசுகள் இருபத்திரண்டு இருந்தன. சிறிது நேரம் குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவற்றைப் பாட்டிலிலேயே திரும்பப் போட்டு மூடி வைத்தேன்.